செடி வளரும் மீன் தொட்டியில் பாசி பிடித்தால்: கொழும்பு வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

தொட்டியில் பாசி கண்டதும் மருந்து தேடிக் கடைக்குப் போவதற்கு முன் ஒரு கணக்குப் பாருங்கள். உங்கள் தொட்டி விளக்கு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் எரிகிறது? காலையில் பாடசாலைக்குப் போகும் பிள்ளை போட்டுவிட்டுப் போய், இரவு படுக்கும்போதுதான் யாரோ அணைக்கிறார்கள் என்றால் அது பதினைந்து மணித்தியாலம். அந்தத் தொட்டிக்கு எந்த மருந்தும் உதவாது. பாசி செத்து ஒரு கிழமையில் அதே இடத்தில் திரும்பவும் முளைக்கும்.

செடி வளர்கிற நன்னீர்த் தொட்டியில் பாசி ஒரு துளிகூட இல்லாமல் இருக்காது. கண்ணாடியைத் தேய்த்தால் விரலில் வழுக்குகிற மெல்லிய படலம்கூடப் பாசிதான். அது பெருகி இலையை மூடுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே: செடிகளால் பயன்படுத்த முடிந்ததை விட அதிக வெளிச்சம் தொட்டிக்குள் போகிறது. மிஞ்சுகிற வெளிச்சத்தைப் பாசி எடுத்துக்கொள்கிறது. இந்தக் கட்டுரையில் சொல்லும் எல்லா வேலைகளும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே வருகின்றன.

கீழே தரும் அளவுகள் இங்கே பலரிடமும் இருக்கும் 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டிக்கானவை. கணக்குப்படி அது 56 லீற்றர். மணல், கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக, உள்ளே உண்மையில் இருக்கும் தண்ணீர் 45 லீற்றர் அளவுதான். மருந்தோ பசளையோ அளக்கும்போது இந்த 45 ஐத்தான் எடுக்க வேண்டும். உங்கள் தொட்டி பெரிதென்றால் அதே விகிதத்தில் கூட்டிக்கொள்ளுங்கள்.

நம் ஊர்ச் சூடு

கொழும்பில் ஏ.சி. இல்லாத அறையில் தொட்டித் தண்ணீர் வருடம் முழுவதும் 28 முதல் 30 பாகை வரை நிற்கும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் அதற்கும் மேலே போகும். செடி வளர்ப்புப் புத்தகங்களும் வீடியோக்களும் பெரும்பாலும் 24, 25 பாகைத் தண்ணீரை மனதில் வைத்துப் பேசுகின்றன. அவர்கள் சொல்லும் எட்டு, பத்து மணித்தியால வெளிச்சத்தை அப்படியே இங்கே எடுத்தால் சரிவராது.

சூடு கூடினால் மூன்று விஷயம் நடக்கிறது. மிச்ச உணவும் உதிர்ந்த இலையும் வேகமாக அழுகி அமோனியா வெளிவிடுகின்றன. தண்ணீரில் கரைந்து நிற்கும் ஒட்சிசன் குறைகிறது: 25 பாகையில் லீற்றருக்குச் சுமார் 8.2 மில்லிகிராம், 30 பாகையில் 7.5 அளவு. காபனீரொட்சைட்டும் அதேபோலக் குறைவாகவே கரையும். ஆனால் செடியின் பசியோ சூட்டோடு கூடுகிறது. ஆக, காபனும் பசளையும் சீக்கிரம் தீர்ந்துபோய்ச் செடி சோர்ந்து நிற்க, மேலே விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கிறது. பாசிக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது.

மேற்பரப்பில் காற்றுப் படும்படி ஒரு சிறிய மேசை மின்விசிறி வைத்தால் தண்ணீர் குளிரும். நம் காற்றில் ஈரப்பதன் அதிகம் என்பதால் ஒன்றிரண்டு பாகைக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். அந்த ஒன்றிரண்டும் பெறுமதியானதுதான்.

வெளிச்சத்தை அடக்குதல்

முதலில் யன்னல். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி மாடிவீடுகளில் கடல் பக்கம் பார்த்த அறை என்றால் பின்னேரம் மூன்று மணியிலிருந்து மேற்கு வெயில் நேரே உள்ளே விழும். ஒரு நாள் வீட்டில் இருந்து, எத்தனை மணிக்கு வெயில் தொட்டியில் படுகிறது, எத்தனை மணிக்கு விலகுகிறது என்று பாருங்கள். அரை மணித்தியாலம் நேர் வெயில் பட்டாலே ஒரு பக்கக் கண்ணாடி பச்சையாகிவிடும். தொட்டியை நகர்த்த முடியாவிட்டால் அந்தப் பக்கக் கண்ணாடிக்கு வெளியே கறுப்பு அட்டை ஒட்டுங்கள். திரைச்சீலையை நம்ப வேண்டாம், யாராவது திறந்துவிடுவார்கள்.

அடுத்தது விளக்கின் வலு. செடிக்குக் காபனீரொட்சைட்டு கொடுக்கும் சிலிண்டர் இல்லாத சாதாரணத் தொட்டிக்கு லீற்றருக்கு 15 முதல் 20 லூமன் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) போதும். 45 லீற்றருக்கு அது 700 முதல் 900 லூமன், அதாவது 10 வோட் அளவான ஒரு நல்ல எல்.ஈ.டி. விளக்கு. கடையில் 2 அடித் தொட்டிக்கு என்று 25, 30 வோட் விளக்கைத் தலையில் கட்டிவிடுவார்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் விளக்கைத் தண்ணீரிலிருந்து 20 முதல் 30 சென்ரிமீற்றர் மேலே தூக்கிக் கட்டலாம். அல்லது தொட்டியின் பாதிப் பரப்பை மிதக்கும் செடியால் மூடலாம்.

பிறகு நேரம். பாசி பிடித்த தொட்டிக்கு 6 மணித்தியாலம், அதற்கு மேல் ஒரு நிமிடமும் வேண்டாம். மின்சாதனக் கடைகளில் கிடைக்கும் சுழல் டைமர் ஒன்று வாங்குங்கள். அதன் வட்டத்தில் உள்ள ஒவ்வொரு பல்லும் 15 நிமிடம். 24 பல்லை அழுத்திவிட்டால் 6 மணித்தியாலம் கணக்குச் சரி. பின்னேரம் நான்கு மணிக்குப் போட்டு இரவு பத்துக்கு அணையும்படி வைத்தால், வீட்டில் ஆட்கள் இருக்கும் நேரத்தில் தொட்டியைப் பார்க்கலாம், நடுப்பகல் சூட்டோடு விளக்குச் சூடும் சேராது.

இந்தச் சுழல் டைமரில் ஒரு சிக்கல் உண்டு. கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். இரண்டு மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தால் அன்றிலிருந்து விளக்கு இரண்டு மணித்தியாலம் பிந்தியே போட்டு, பிந்தியே அணையும். நாலைந்து தடவை இப்படி நடந்தால் நடு இரவில் தொட்டி வெளிச்சமாக நிற்கும். ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் வட்டத்தைத் திருப்பி நேரத்தைச் சரிசெய்யுங்கள், அல்லது உள்ளே பற்றரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்குங்கள்.

எந்தப் பாசி?

எல்லாப் பாசிக்கும் ஒரே வைத்தியம் இல்லை. ஒரு டோர்ச் எடுத்து, இலையின் ஓரம், கண்ணாடி, மணல், பில்டர் குழாயின் வாய் நான்கையும் கிட்டப் பாருங்கள்.

மண்ணிறத் தூள் போலப் படிந்து, விரல் பட்டதும் புகையாகக் கிளம்பினால் அது டயட்டம். தொட்டி போட்ட இரண்டாவது கிழமையில் வந்து, இரண்டு மாதத்துக்குள் தானாகவே போய்விடும். துடைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். புதுத் தொட்டிக்காரர் பதறிப்போய் எல்லாவற்றையும் கழற்றிக் கழுவுவது இந்தக் கட்டத்தில்தான். கழுவினால் அமோனியாவை அகற்றும் நல்ல பக்டீரியாவும் போய், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

கண்ணாடியிலும் அனுபியாஸ் போன்ற மெதுவாக வளரும் செடியின் இலையிலும் வட்ட வட்டமாகக் கடும்பச்சைப் புள்ளி, நகத்தால் சுரண்டினாலும் வராதது, பச்சைப் புள்ளிப் பாசி. வெளிச்சம் கூடி, பொசுபேற்று என்ற பசளைச் சத்து குறைந்த தொட்டியில் வரும். கண்ணாடியைச் சவர பிளேட்டால் சாய்த்துப் பிடித்து வழிக்கலாம். மூலைகளில் உள்ள சிலிக்கனில் பிளேட் படக்கூடாது, பட்டால் தொட்டி கசியும். அக்ரிலிக் தொட்டிக்கு பிளேட் கூடாது, பழைய வங்கி அட்டை போதும். புள்ளி விழுந்த பழைய இலை சுத்தமாகாது, அதை அடியோடு வெட்டி எடுங்கள்.

பச்சை நூல் போல நீண்டு செடியைச் சுற்றுவது நூல் பாசி. பழைய பல் தூரிகை ஒன்றைச் செருகி, நூடில்ஸை முள்ளுக்கரண்டியில் சுற்றுவதுபோல ஒரே பக்கமாகச் சுற்றினால் கொத்தாக வரும். இழுக்காதீர்கள், செடி வேரோடு வந்துவிடும்.

தண்ணீரே பச்சைத் தேநீர் போலாகிவிட்டால் அது மிதக்கும் நுண்பாசி. தண்ணீர் மாற்றினால் இரண்டு நாளில் திரும்பும். இதற்கு நான்கு நாள் இருட்டு, அல்லது பில்டரோடு இணைக்கும் சிறிய யு.வி. விளக்கு. 5 வோட் யு.வி. இந்தத் தொட்டியை ஒரு கிழமைக்குள் தெளிய வைக்கும்.

நீலம் கலந்த பச்சைப் போர்வை போல மணலை மூடி, தூக்கினால் தகடாகக் கிழிந்து வந்து, மூக்கைச் சுளிக்க வைக்கும் சேற்று மணம் அடித்தால் அது உண்மையில் பாசியல்ல, சயனோபக்டீரியா. தண்ணீர் ஓட்டம் இல்லாத மூலையிலும் நைத்திரேற்று அறவே இல்லாத தொட்டியிலும் வரும். குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு இருட்டு வைத்தியம் செய்யுங்கள், பில்டர் வாயை அந்த மூலைப் பக்கம் திருப்புங்கள். இதற்கு அன்டிபயோட்டிக் கரைத்து ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. அது பில்டரில் உள்ள நல்ல பக்டீரியாவையும் தாக்கும், ஊற்றிய தண்ணீர் கடைசியில் கானுக்குத்தான் போகும். வேண்டாம்.

கடைசியாக, எல்லாரையும் அழவைப்பது கரும்தூரிகைப் பாசி. இலையின் ஓரத்திலும் மரக்கட்டையிலும் பில்டர் வாயிலும் அரை சென்ரிமீற்றர் நீளத்தில், சாம்பல் கலந்த கறுப்பில், பூனையின் வால் மயிர்போலக் குத்துக்குத்தாக நிற்கும். இது செம்பாசிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தொட்டியில் காபனீரொட்சைட்டு ஒரு நாள் கூடி, ஒரு நாள் குறையும்போதும், அழுக்கு சேர்ந்து கிடக்கும்போதும் பெருகும். யீஸ்டும் சீனியும் போட்ட போத்தல் வைத்துக் காபனீரொட்சைட்டு எடுப்பவர்களிடம் இது அடிக்கடி வருவதற்குக் காரணம் நம் சூடுதான். யீஸ்ட் முதல் சில நாள் நுரைத்துத் தள்ளிவிட்டு, பிறகு படுத்துவிடும். ஏறியிறங்கும் காபனை விட, காபனே கொடுக்காமல் வெளிச்சத்தைக் குறைப்பது எவ்வளவோ மேல்.

சுத்தம் செய்யும் நாள்

ஒரு ஞாயிறு காலையை ஒதுக்குங்கள். காலை என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: மாடிவீடுகளின் கூரைத் தாங்கியில் உள்ள தண்ணீர் மத்தியானத்தில் வெந்நீர் போல வரும். தொட்டித் தண்ணீருக்கும் புதுத் தண்ணீருக்கும் 2 பாகைக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

முதல் நாள் காலையிலேயே இரண்டு 10 லீற்றர் வாளிகளில் குழாய்த் தண்ணீர் பிடித்து, காற்றுப் பம்பில் மாட்டும் காற்றுக் கல் போட்டு 24 மணித்தியாலம் ஓடவிடுங்கள். களனி கங்கையிலிருந்து அம்பத்தலையில் எடுத்துச் சுத்திகரித்து வரும் தண்ணீரில் குளோரின் இருக்கும், அது போக வேண்டும். அவசரம் என்றால் மீன் கடையில் விற்கும் குளோரின் நீக்கியைப் போத்தலில் சொன்ன அளவுக்குப் போடலாம். வாளியை மூடி வையுங்கள், வேலை முடிந்ததும் கவிழ்த்து வையுங்கள். மொட்டைமாடியிலும் பல்கனியிலும் திறந்த வாளியில் தண்ணீரை ஒரு கிழமை மறந்துவிட்டால் டெங்கு நுளம்பு குஞ்சு பொரித்துவிடும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்க்கும்போது அது மீன் தொட்டிக்கு வைத்த தண்ணீர் என்று சொல்லித் தப்ப முடியாது.

விளக்கு, பில்டர் இரண்டின் பிளக்கையும் கழற்றுங்கள். பிளக் சொக்கெட்டுக்குப் போகும் வயர், சொக்கெட்டை விடக் கீழே வளைந்து தொங்கிப் பிறகு மேலே ஏறட்டும். வயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

முதலில் வெட்டு. பாதிக்கு மேல் பாசி மூடிய இலை எல்லாவற்றையும் காம்போடு வெட்டி எடுங்கள். இங்கேதான் புதியவர்களுக்குக் கை நடுங்கும். அந்த இலை இனிச் செடிக்கு உணவு தயாரிக்காது, அழுகி அமோனியாவாகும். இலங்கைக்கே உரிய கிரிப்டோகோரைன் வெண்டி போன்ற செடிகள் இடம் மாற்றியதும் இலை முழுவதையும் கரையவிட்டுவிடும். அந்தக் கரைந்த இலைகளையும் எடுங்கள், வேரைத் தொடாதீர்கள். கிழங்கிலிருந்து சில கிழமையில் புது இலை வரும்.

பிறகு கண்ணாடியை வழித்து, நூல் பாசியைச் சுற்றி எடுத்து, கடைசியில் 12 மில்லிமீற்றர் குழாயால் மணலின் மேற்பரப்பை உறிஞ்சியபடியே 20 லீற்றர் தண்ணீரை வெளியேற்றுங்கள். இந்த ஒழுங்கு முக்கியம். முதலில் தண்ணீரை எடுத்துவிட்டுப் பிறகு பாசியைச் சுரண்டினால் சுரண்டியது எல்லாம் தொட்டிக்குள்ளேயே கிடக்கும்.

எடுத்த தண்ணீரில் ஒரு வாளியை ஊற்றாமல் வைத்து, அதில் பில்டர் ஸ்பொஞ்சை நாலைந்து தடவை பிழிந்து எடுங்கள். குழாயடியில் பிழிந்தால் குளோரின் பட்டு பக்டீரியா செத்துவிடும், அடுத்த கிழமை அமோனியா ஏறிப் பாசி இன்னும் கூடும். பில்டர் மணித்தியாலத்துக்கு 300 லீற்றருக்குக் குறையாமல் தள்ள வேண்டும். அதைவிட மெதுவாக ஓடினால் பெரும்பாலும் உள்ளே உள்ள விசிறியில் அழுக்கு அடைத்திருக்கும்.

புதுத் தண்ணீரை ஒரு தட்டின் மேல் மெதுவாக ஊற்றுங்கள், மணல் கிளம்பாது. முதல் மூன்று கிழமை, கிழமைக்கு இரு தடவை 20 லீற்றர். பாசி அடங்கிய பிறகு கிழமைக்கு ஒரு தடவை 15 லீற்றர் போதும்.

இருட்டு வைத்தியம்

பச்சைத் தண்ணீருக்கும் சயனோபக்டீரியாவுக்கும் மட்டும். 20 லீற்றர் மாற்றிய உடனே தொட்டியின் நான்கு பக்கத்தையும் கறுப்புத் துணியால் இரண்டு மடிப்பாக மூடுங்கள். மேற்பக்கத்தில் துணியைக் கொஞ்சம் தூக்கி வைத்துக் காற்று போக வழி விடுங்கள். பொலித்தீன் வேண்டாம், சூடு உள்ளே தங்கும். இருட்டில் செடியும் ஒட்சிசனைத்தான் எடுக்கும் என்பதால் காற்றுக் கல் இரவு பகலாக ஓட வேண்டும். நான்கு நாள் முழுவதும் உணவு போடாதீர்கள், எட்டிப் பார்க்கவும் வேண்டாம். வளர்ந்த மீனுக்கு நான்கு நாள் பட்டினி ஒன்றும் செய்யாது. ஐந்தாம் நாள் துணியை எடுத்துப் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். இதைத் தவறவிட்டால் செத்த பாசி அழுகி மீன் மேலே வந்து வாய் பிளக்கும்.

கரும்தூரிகைக்கு ஐதரசன் பேரொட்சைட்டு

பாமசியில் புண் கழுவ விற்கும் அதே திரவம்தான். போத்தலைப் பார்த்து வாங்குங்கள். 10 வொலியூம் என்றால் 3 வீதம், 20 வொலியூம் என்றால் 6 வீதம். கீழே சொல்வது 3 வீதத்துக்கு. 6 வீதம் கிடைத்தால் அதே அளவு தண்ணீர் கலந்து பாதியாக்குங்கள்.

45 லீற்றர் தொட்டிக்கு ஒரு நாளைக்கு 11 மி.லீ. போதும். பில்டரை நிறுத்தி, தண்ணீர் அசையாமல் நின்றதும் ஊசி இல்லாத 10 மி.லீ. சிரிஞ்சில் எடுத்து, நுனியைப் பாசிக் குத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் கிட்டே பிடித்து மெதுவாக விடுங்கள். சில விநாடியில் அந்தக் குத்திலிருந்து சிறு சிறு குமிழ்கள் கிளம்பும். பத்து நிமிடம் கழித்துப் பில்டரைப் போடுங்கள். தொடர்ந்து மூன்று நாள், ஒவ்வொரு நாளும் வேறு இடத்துக்கு.

அடுத்த நாளே கறுப்பு உதிராது, அதைப் பார்த்து அளவைக் கூட்டிவிடாதீர்கள். இரண்டு, மூன்று நாளில் குத்து இளஞ்சிவப்பாகும். செம்பாசி என்பதற்கு அடையாளமே அதுதான், பச்சை நிறமி அழிந்ததும் உள்ளே இருந்த சிவப்பு வெளியே தெரிகிறது. பிறகு வெளிறி, இறால்கள் வந்து மொய்க்கத் தொடங்கும். மொஸ், வலிஸ்னேரியா, ரிச்சியா ஆகிய மூன்று செடிகளும் இந்த மருந்தைத் தாங்காது. அவற்றுக்குக் கிட்டே அடிக்க வேண்டாம். கண்ணிலும் துணியிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மரக்கட்டையில் பாசி என்றால் வெளியே எடுத்து, மருந்தைத் தூரிகையால் பூசி ஐந்து நிமிடம் விட்டுக் கழுவிப் போடுவது இதைவிடச் சுலபம்.

மயில்துத்தம் (செப்புச் சல்பேற்று) மட்டும் எந்தக் காரணம் கொண்டும் வேண்டாம். குளத்துப் பாசிக்குப் போடுவார்கள் என்று கேள்விப்பட்டுச் சிலர் தொட்டியில் போடுகிறார்கள். செம்பு இறாலையும் நத்தையையும் கொல்லும், செடியையும் சேர்த்து வாட்டும், மணலில் தங்கிப் பிறகும் தொந்தரவு தரும்.

செடிக்குப் பசி இருக்கக் கூடாது

பாசிக்குப் பயந்து பசளையை நிறுத்துவது பலரும் செய்யும் பிழை. பசளை நின்றால் முதலில் வாடுவது செடி. பாசிக்கு வேண்டியது மிகச் சிறிய அளவு, மீன் கழிவிலேயே அது கிடைத்துவிடும். நைத்திரேற்று லீற்றருக்கு 10 முதல் 20 மில்லிகிராம், பொசுபேற்று 1 முதல் 2 மில்லிகிராம் நிற்க வேண்டும். சோதனைத் திரவம் வாங்கினால் நைத்திரேற்றுக்கு மட்டும் வாங்கினாலே போதும்.

கடையில் கிடைக்கும் செடித்தொட்டிப் பசளைத் திரவத்தை, போத்தலில் சொன்ன அளவில் பாதியிலிருந்து தொடங்குங்கள். தூளாக வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு: அரைக் கிராம் பொற்றாசியம் நைத்திரேற்று 45 லீற்றரில் நைத்திரேற்றை லீற்றருக்குச் சுமார் 7 மில்லிகிராமால் உயர்த்தும். மொனோ பொற்றாசியம் பொசுபேற்று 0.1 கிராம், பொசுபேற்றைச் சுமார் 1.5 ஆல் உயர்த்தும். நகை நிறுக்கும் சிறிய டிஜிட்டல் தராசு இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம். பூச்சாடிக்கு விற்கும் பசளையும் ஆகாது, யூரியாவும் அமோனியமும் இருந்தால் பாசிக்கு விருந்தும் மீனுக்கு நஞ்சும் அதுதான்.

தொட்டியில் வேகமாக வளரும் செடி போதாவிட்டால் என்ன செய்தும் பாசி திரும்பும். மணல் பரப்பில் முக்கால் பங்காவது செடி மூடியிருக்க வேண்டும். ஹைக்ரோபிலா, ஹோர்ன்வேர்ட், வோட்டர் ஸ்ப்ரைட் போன்றவை மலிவு, நம் சூட்டில் கிழமைக்குக் கிழமை வெட்ட வேண்டிய அளவுக்கு வளரும். அனுபியாஸ் இரண்டும் ஒரு மரக்கட்டையும் வைத்துப் பெரிய விளக்குப் போட்ட தொட்டிதான் பாசிக்கு மிகப் பிடித்தது.

வெட்டிய செடியைக் கானிலோ வாய்க்காலிலோ வீசாதீர்கள். சல்வீனியா என்ற மிதக்கும் செடி 1939 இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் துறை வழியாக இந்த நாட்டுக்கு வந்தது. இன்றும் குளங்களையும் வயல்களையும் மூடிக் கிடக்கிறது. மிதக்கும் செடி வேண்டும் என்றால் அதைத் தவிர்த்து வேறு எதையாவது எடுங்கள். வெட்டியதை வெயிலில் நன்றாகக் காயவிட்டுப் பிறகு குப்பையில் போடுங்கள்.

பாசி தின்னும் மீன்

கடையில் முதலில் காட்டுவது டேங்க் கிளீனர். இரண்டு அங்குலக் குட்டியாக வாங்கியது ஓர் அடிக்கு மேல் வளரும், தின்றதை விடக் கழிவு கூடவே போடும். வளர்ந்ததும் வைக்க இடமில்லாமல் ஆட்கள் வாய்க்காலில் விட்டு, அது இப்போது இலங்கையின் இயற்கை நீர்நிலைகளிலும் பரவியிருக்கிறது. வாங்கவே வேண்டாம்.

2 அடித் தொட்டிக்குச் சரியானவை செர்ரி இறால் பத்துப் பன்னிரண்டும் நெரைட் நத்தை இரண்டும். நெரைட் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளியாக முட்டையிடும், நன்னீரில் அது குஞ்சாகாது, பெருகும் பயம் இல்லை. கரும்தூரிகையைத் தின்னும் சயாமீஸ் அல்கே ஈட்டர் ஆறு அங்குலம் வளரும், 3 அடித் தொட்டியாவது வேண்டும். அதை வாங்கும்போது பக்கவாட்டுக் கறுப்புக் கோடு வால் நுனி வரை போகிறதா என்று பாருங்கள். வால் தொடங்கும் இடத்தில் கோடு நின்றுவிட்டால் அது வேறு மீன்.

எந்த மீனாக இருந்தாலும், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே உணவு. கிழமைக்கு ஒரு நாள் ஒன்றும் போடாதீர்கள். வீட்டில் ஆச்சியும் பிள்ளைகளும் மாறி மாறிப் போடுகிறார்கள் என்றால், அன்றன்றைய அளவை ஏழு சிறிய டப்பாக்களில் பிரித்து வையுங்கள். டப்பா வெறுமையாக இருந்தால் யாரோ போட்டுவிட்டார்கள் என்று தெரியும்.

பிறகு பொறுமை

ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். விளக்கு நேரம், பசளை, மருந்து மூன்றையும் ஒரே கிழமையில் மாற்றினால் எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று தெரியாது. கலண்டரில் அன்றன்று செய்ததைக் குறித்து, கிழமைக்கு ஒரு தடவை அதே இடத்தில் நின்று போனில் ஒரு படம் எடுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்குத் தெரியாத மாற்றம் படத்தில் தெரியும்.

பழைய இலையில் உள்ள பாசியைப் பார்க்காதீர்கள், புதிதாக வந்த இலையைப் பாருங்கள். இரண்டு கிழமையில் வந்த இலைகள் சுத்தமாக இருந்தால் வழி சரி. புதிய இலையிலும் பிடிக்கிறது என்றால் விளக்கை இன்னும் ஒரு மணித்தியாலம் குறைத்து ஐந்தாக்குங்கள்.

தொடர்ந்து மூன்று கிழமை புது இலை சுத்தமாக வந்த பிறகு அரை மணித்தியாலம் கூட்டலாம், அதாவது டைமரில் இன்னும் இரண்டு பல். மீண்டும் இரண்டு கிழமை பாருங்கள். கண்ணாடியைக் கிழமைக்கு ஒரு தடவை துடைத்தால் போதும் என்ற நிலை இருக்கும் வரை இப்படியே எட்டு மணித்தியாலம் வரை போகலாம். மூன்று நாளைக்கு ஒரு தடவை துடைக்க வேண்டி வந்தால் கடைசியாக அழுத்திய இரண்டு பல்லையும் திரும்ப எடுத்துவிடுங்கள். உங்கள் தொட்டியின் அளவு அதுதான்.